புதிய காப்பி வறுப்பு இயந்திரமும் முதல் பத்து வறுவல்களும்

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் நீங்கள், 250 கிராம் கொள்ளும் மின்சார உருளை இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கையேட்டில் சொல்லியபடி சுமத்ராக் கொட்டையை 230 டிகிரியில் 15 நிமிடம் வறுத்ததில் காப்பி புல்லும் பச்சை வேர்க்கடலையுமாக மணத்தது என்றும், உடனே அதே சூட்டில் இரண்டு நிமிடம் கூட்டி மறுபடி வறுத்தபோது கொட்டை எண்ணெய் கக்கிக் கரிந்துபோனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு இயந்திரத்திலா, கொட்டையிலா, உங்கள் கைப்பக்குவத்திலா என்பது உங்கள் கேள்வி. அம்மாவின் டிகாக்‌ஷனுக்கும் உங்களுடைய பால் சேர்க்காத காப்பிக்கும் ஒரே இயந்திரத்தில் வறுக்க முடியுமா என்பது அதோடு வந்த துணைக்கேள்வி.

இயந்திரம் நன்றாகவே இருக்கிறது என்றும், உங்கள் கையிலும் பெரிய தவறு இல்லை என்றும் நினைக்கிறேன். இரண்டு முறையும் வறுப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன். முதல் முறை 250 கிராம் 224 கிராமாகக் குறைந்திருக்கிறது. இழப்பு 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பச்சைக் கொட்டையில் இயல்பாகவே 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கும். ஆகவே உங்கள் கொட்டை காய்ந்து முடிந்து, வறுபடத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது; புல் வாசம் அதனால் வந்தது. இரண்டாம் முறை 250 கிராம் 197 ஆகியிருக்கிறது, அதாவது 21 விழுக்காடு போய்விட்டது. இளவறுவலில் 12 அல்லது 13 விழுக்காடும், நடுத்தர வறுவலில் 14 முதல் 16 வரையும், கருவறுவலில் 18 முதல் 20 வரையும் எடை குறைவது வழக்கம். அதையும் தாண்டிய வறுவலில் கொட்டையின் சொந்தச் சுவை எதுவும் மிஞ்சாது.

இரண்டு நிமிட வேறுபாடு இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லுமா என்றால், அந்த இரண்டு நிமிடம் மட்டும் காரணமல்ல. முதல் முறை உருளையும் அதைச் சுற்றியுள்ள இரும்பும் கண்ணாடியும் குளிர்ந்து கிடந்தன. சூடேற்றி கொடுத்த வெப்பத்தில் பெரும்பங்கை அவையே குடித்தன. இரண்டாம் முறை நீங்கள் கொட்டையைப் போட்டபோது உருளை தகித்துக்கொண்டிருந்தது, அதனால் கொட்டை முதல் நிமிடத்திலிருந்தே வேகமாக ஏறியிருக்கிறது. திரையில் இரு முறையும் 230 என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்த எண் கொட்டையின் சூட்டைக் காட்டுவதில்லை. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் வெப்ப உணரி காற்று வெளியேறும் வழியில் பொருத்தப்பட்டிருக்கும். ஜீன் கஃபே இயந்திரத்தை எடுத்துக்கொண்டால், அதன் திரை 250 டிகிரி வரை காட்டும். அது உருளையை விட்டு வெளியேறும் காற்றின் சூடு. கொட்டை அதற்கு வெகுவாகப் பின்தங்கி வரும். உங்கள் இயந்திரத்தில் உணரி எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டின் படத்தில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கையேட்டின் நிமிடக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, நம் வீடுகளில் பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்பதைப்போலக் கொட்டையின் பதத்தைப் பாருங்கள். உருளை சூடேறிக் கொட்டை உள்ளே போனதும் முதல் மூன்று நான்கு நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் நடக்காது. ஈர வைக்கோலின் மணம் வரும். பிறகு பச்சை வெளுத்து மஞ்சளாகும். மாதிரி எடுக்கும் கரண்டி உங்கள் இயந்திரத்தில் இருந்தால், இந்தக் கட்டத்தில் நாலைந்து கொட்டைகளை வெளியே எடுத்து ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள்: வெளிப்புறம் அவல் நிறத்துக்கு வந்திருந்தாலும் நடுவில் இன்னும் பச்சை ஓடிக்கொண்டிருக்கும். கொட்டை ஏறத்தாழ 150 டிகிரியை எட்டியதும் பொரியரிசி வறுக்கும் மணம் எழும். மயார் வினை என்று சொல்லப்படும் வேதிமாற்றம் அங்கேதான் வேகம் பிடிக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912இல் விவரித்த இந்த வினைதான் ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த வேர்க்கடலைக்கும் காப்பிக்கும் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் கொடுக்கிறது. மஞ்சள் பழுப்பாகும்போது கொட்டையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தொலி உதிர்ந்து பறக்கத் தொடங்கும்.

அதற்குப் பின் முதல் வெடிப்பு வரும். கொட்டையின் உள்ளே சேர்ந்த நீராவியும் கரியமில வாயுவும் அதைப் பிளந்துகொண்டு வெளியேறும் ஓசை அது. கொட்டையின் சூடு பொதுவாக 196 முதல் 205 டிகிரிக்குள் இருக்கும்போது, சோளப்பொரி பொரிவதைப்போல முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு அடுக்கடுக்காகவும் கேட்கும். விசிறியின் இரைச்சலில் முதல் இரண்டு மூன்று ஒலிகள் தப்பிவிடுவது இயல்பு. சமையலறை மின்விசிறியையும் வானொலியையும் அணைத்துவிட்டு இயந்திரத்தின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேளுங்கள். இந்த ஒலி கேட்காத கொட்டையைக் குடிக்காதீர்கள். உங்கள் முதல் வறுவல் அநேகமாக இந்த இடத்துக்கு வந்தும் வராமலும் நின்றிருக்கிறது. வெடிப்பு ஓய்ந்து, சிறிது இடைவெளி விட்டு, 225 டிகிரியை ஒட்டி இரண்டாம் வெடிப்பு தொடங்கும். அதன் ஓசை வேறு: மெல்லியதாக, நெருக்கமாக, காய்ந்த சருகைக் கைக்குள் வைத்து நொறுக்குவதுபோலக் கேட்கும். அப்போது எண்ணெய் மேலே வரும், புகை நீலம் பாயும். அங்கிருந்து கரிவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை என்பதை உங்கள் இரண்டாவது வறுவல் காட்டிவிட்டது.

முதல் பத்து வறுவல்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: ஒரே கொட்டை, ஒரே எடை, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். புது இயந்திரம் வாங்கியவர்கள் எத்தியோப்பியா அரைக் கிலோ, பிரேசில் அரைக் கிலோ, கென்யா அரைக் கிலோ என்று ஆசையோடு வாங்கிவந்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக வறுத்துவிட்டு, எது எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் முதல் ஆண்டை அப்படித்தான் வீணாக்கினேன். ஒரே வகைக் கொட்டை இரண்டரைக் கிலோ வாங்குங்கள். 250 கிராம் கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 200 கிராமே போடுங்கள்; உருளை நிரம்பினால் சூடேற்றி திணறும், கொட்டையும் சீராகப் புரளாது. ஐந்து நிமிடம் காலி உருளையைச் சூடாக்கிய பிறகே கொட்டையைப் போடுங்கள். அடுத்த வறுவலுக்கு முன் இயந்திரம் முழுதாக ஆறட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிலையிலிருந்து புறப்பட்டால்தான் ஒப்பிட முடியும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். கொட்டை மஞ்சளான நிமிடம், முதல் வெடிப்பு தொடங்கிய நிமிடம், வெளியே கொட்டிய நிமிடம், ஆறிய பின் எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள். 200 கிராமுக்கு மஞ்சள் நிறம் ஐந்து ஆறு நிமிடத்திலும், முதல் வெடிப்பு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலும் வந்தால் நல்ல வேகம். எட்டு நிமிடத்துக்குள் வெடித்தால் சூடு அதிகம். வெளியே கருத்து உள்ளே வேகாமல் போகும், கொட்டையின் நுனிகளில் தீய்ந்த புள்ளிகள் தெரியும். பதினைந்து நிமிடமாகியும் வெடிக்கவில்லையென்றால் சூடு போதவில்லை. அப்படி இழுத்துக்கொண்டே போன காப்பி புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் அட்டைப்பெட்டியைப்போல ருசிக்கும். முதல் மூன்று வறுவல்களில் இந்த வேகத்தைச் சரிசெய்வதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். வேகம் பிடிபட்ட பிறகு, வெடிப்பு தொடங்கியதிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் ஒன்றையும், இரண்டு நிமிடத்தில் ஒன்றையும், இரண்டரையில் ஒன்றையும் வெளியே எடுங்கள். மூன்றையும் நான்கு நாள் கழித்து அருகருகே வைத்துக் குடித்தால் உங்கள் நாக்கே மீதியைச் சொல்லிவிடும். 200 கிராம் 174 ஆக வந்தால் இளவறுவல், 170 ஆக வந்தால் நடுத்தரம், 164 ஆக வந்தால் கருவறுவல் என்று நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கத்துக்குச் சுமத்ரா கடினமான கொட்டை. நமக்கு எதிர்க்கரையில் விளைவது, எளிதில் கிடைப்பது, எனக்கும் பிடித்தது. ஆனால் அங்கே கொட்டை ஈரமாக இருக்கும்போதே மேலோட்டை உரித்துக் காயவைப்பதால் நிறம் நீலப்பச்சையாகத் திட்டுத்திட்டாக இருக்கும், வறுபடும்போதும் நிறம் ஒன்றுபோல ஏறாது, முதல் வெடிப்பு அமுங்கி ஒலிக்கும். உங்களுக்கு ஓசை கேட்காமல் போயிருந்தால் அதுவும் ஒரு காரணம். கழுவிப் பதப்படுத்திய கொலம்பியா, குவாத்தமாலா, அல்லது நம் தென்னிந்தியத் தோட்டக் கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் ஓசையும் தெளிவாக இருக்கும். பழத்தோடு காயவைத்த எத்தியோப்பியக் கொட்டையில் தொலி மிக அதிகம், கஃபீன் நீக்கிய கொட்டை வறுப்பதற்கு முன்பே பழுப்பாக இருந்து கண்ணை ஏமாற்றும். இரண்டையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் பெருமளவு விளையும் லைபீரிக்கா என்ற காப்பி இனத்தை, அதிலும் ஜொகூர் கொட்டையை, வறுத்துப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வரும், வரவும் வேண்டும். ரப்பர் வேரூன்றுவதற்கு முன், 1890களில் சிலாங்கூரின் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்டு வளர்த்தது இந்த லைபீரிக்காவைத்தான். அதன் கொட்டை பெரியது, ஒரு முனை கூர்மையானது, நல்ல வறுவலில் பலாப்பழ மணம் வரும். ஆனால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது; ஒரு கொட்டை வெந்திருக்கும்போது பக்கத்துக் கொட்டை பாதியில் நிற்கும். சல்லடையில் அளவு பிரித்துத் தனித்தனியாக, சற்றுக் குறைந்த சூட்டில் வறுக்க வேண்டும். பத்து வறுவல் முடித்த பிறகு தொடங்குங்கள்.

எந்தக் கொட்டையானாலும் வறுப்பதற்கு முன் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, கல், உடைந்தது, கருத்தது, துளை விழுந்தது ஆகியவற்றைப் பொறுக்கி விடுங்கள். வறுத்த பிறகும் சில கொட்டைகள் வெளிறி நிற்கும். அவை பழுக்காத பழத்திலிருந்து வந்தவை, காய்ந்த வைக்கோல் ருசி அவற்றால் வரும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு செய்தி. சூடேற்றியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வாட்டர் ஹீட்டரும் ஏர்கோனும் ஓடும் நேரத்தில் உங்கள் வீட்டில் மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 225க்கு இறங்கினால், சூடேற்றியின் ஆற்றல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். அதே அமைப்பில் வறுத்தும் வெடிப்பு ஒன்றிரண்டு நிமிடம் பிந்தும். ஆகவே இயந்திரத்தைச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், மெல்லிய நீட்டிப்புக் கம்பி வேண்டாம், வறுக்கும் நேரத்தில் மற்றக் கனமான சாதனங்களை அணைத்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து தருவித்த 120 வோல்ட் இயந்திரங்களை இங்கே நேரடியாகச் செருகவே கூடாது.

இனி, அடுக்குமாடியில் வறுப்பவர்கள் அலட்சியம் செய்யக்கூடாத புகையும் நெருப்பும். முதல் வெடிப்பு வரை புகை பொறுக்கத்தக்கது. இரண்டாம் வெடிப்பை நெருங்கும்போது ஒரு தாளிப்புக்கு வருவதைவிடப் பல மடங்கு எழும். இயந்திரத்தைச் சமையலறைச் சன்னலுக்கு அருகில், காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கு நேராக வையுங்கள். அலுமினிய மடிப்புக்குழாய் ஒன்றைப் புகைவாயில் மாட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் இன்னும் நல்லது. நடைபாதைப் பக்கம் வறுக்காதீர்கள். அங்கே புகை உணரி இருக்கும், அண்டை வீட்டார் துணியும் காயும். தொலி சேரும் தட்டை ஒவ்வொரு வறுவலுக்குப் பிறகும் காலி செய்வதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த தொலி பஞ்சைப்போலப் பற்றும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கவே கூடாது, காற்றுப் புகுந்தால் தீ வளரும். சூட்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மூடியபடியே அடங்க விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்தூள் தீயணைப்புக் கருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தீ மீறினால் 999ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையான போம்பாவை வரவழையுங்கள்.

ஒருமுறை பெருமழை நாளில் வறுத்துக்கொண்டிருந்தபோது, முதல் வெடிப்பு உச்சத்தில் இருக்கையில் மின்சாரம் நின்றுபோனது. உருளை அப்படியே நின்றது, விசிறியும் நின்றது. ஒலி மட்டும் நிற்கவில்லை. இருட்டில் கொட்டைகள் தமக்குள்ளேயே வெடித்துக்கொண்டிருந்தன. கையுறையைத் தேடி எடுத்து, உருளையைக் கழற்றி, கொட்டையை வடிகூடையில் சாய்ப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். விளக்கு வந்த பிறகு பார்த்தால், உருளையின் அடியில் கிடந்த கொட்டைகளின் ஒரு பக்கம் மட்டும் வட்டமாகத் தீய்ந்திருந்தது. தப்பியது பாதிகூட இல்லை. அன்றிலிருந்து தடித்த கையுறையும் பெரிய எவர்சில்வர் வடிகூடையும் கைவிளக்கும் மேசையில் எடுத்து வைத்த பிறகே சுவிட்சைப் போடுகிறேன். கொட்டை உள்ளே இருக்கும்போது கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவதும் இல்லை.

அந்த வடிகூடை தினமும் பயன்படும். உருளைக்குள்ளேயே ஆறவிடும் இயந்திரங்களில், சூட்டை நிறுத்திய பிறகும் கொட்டை தன் வெப்பத்தால் மேலும் வறுபடும். நம் ஊர் வெக்கையில் ஆறுவது இன்னும் மெதுவாகும். பாதுகாப்பாகத் திறக்கக் கையேடு அனுமதித்தால், உடனே வடிகூடையில் கொட்டி, மேசை விசிறிக்கு முன்னால் புடைப்பதுபோல அசைத்து, நான்கைந்து நிமிடத்துக்குள் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அனுமதிக்காவிட்டால், விரும்பிய பதத்துக்கு அரை நிமிடம் முன்னதாகவே சூட்டை நிறுத்துங்கள்.

பினாங்கின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், பச்சைக் கொட்டையைச் சாக்கில் விட்டால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொட்டையின் ஈரம் 12.5 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் அபாயம் உண்டு. தடித்த பையில் காற்றுப்புகாமல் கட்டி, மூடியுள்ள வாளியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம், வெளியே எடுக்கும்போது வியர்க்கும். வறுத்த கொட்டையை முழுதாக ஆறிய பின் காற்றுப்புகாமல் அடைத்து வையுங்கள். ஒருவழி வால்வு உள்ள பை சிறந்தது, ஏனெனில் முதல் சில நாள் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் அழுத்தம் ஏறும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றை எச்சரிக்க வேண்டும். கோப்பி ஓ எனும் கடுங்காப்பி விற்கும் கடைகளின் கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவது. அந்தக் கருமையும் பாகுமணமும் நமக்கெல்லாம் பிடித்தவைதான். அதை வீட்டு இயந்திரத்தில் செய்து பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். உருகிய சீனி உருளையில் ஒட்டிக் கல்லாகும், அதில் தொலி படிந்து தீப்பிடிக்கும், மோட்டார் சிக்கும். அது திறந்த பெரிய சட்டியில், பழகிய கை செய்யும் வேலை.

அம்மாவின் டிகாக்‌ஷனுக்கு வருவோம். இரண்டுக்கும் ஒரே இயந்திரம் தாராளமாகப் போதும். வேறுபாடு வெளியே எடுக்கும் நேரத்தில்தான். உங்களுக்கு முதல் வெடிப்பு தொடங்கி ஒன்றரை இரண்டு நிமிடத்தில் எடுங்கள். அம்மாவுக்கு, இரண்டாம் வெடிப்பின் முதல் மூன்று நான்கு ஒலிகள் கேட்டதும், அடுத்த ஒலிக்குக் காத்திருக்காமல் கொட்டிவிடுங்கள். எடை இழப்பு 17 விழுக்காட்டை ஒட்டி, 200 கிராம் 166 ஆக வரும். பாலைத் தாங்கும் கனம் அங்கேதான் கிடைக்கும், கசப்பு மிஞ்சாது. மூன்று நாள் ஆறவிட்டு, பில்டருக்கு ஏற்ற மாதிரி சற்றே பொடியாக அரைத்துக் கொடுங்கள். வறுத்த அன்றே அரைத்தால் வாயு நுரைத்துத் தண்ணீர் ஒழுங்காக இறங்காது, டிகாக்‌ஷன் நீர்த்துவிடும். அடுத்த மூன்று வறுவல்களின் நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சூட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.